விதி மீறாத அநீதி: 1982 உலகக் கிண்ணத்தின் இரண்டாம் பிரிவு

இலக்கியம் வாழ்க்கையின் விமர்சனம் என்றும், விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு என்றும் பிரித்து வைத்து நோக்கும் வழக்கம் படித்தவர் மத்தியில் இன்னும் முற்றாக நீங்கிவிடவில்லை. ஆனால் கோடிக்கணக்கான மக்கள் தமது ஆசையையும் ஆத்திரத்தையும் மானத்தையும் ஒரு பந்தின் பின்னே ஓடவிட்டிருக்கும்போது, சமுதாய நோக்குடைய திறனாய்வாளன் முகத்தைத் திருப்பிக்கொள்வது நியாயமாகாது. திரினிடாட்டைச் சேர்ந்த மார்க்சிய அறிஞர் சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963 இல் கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆடுகளத்தின் எல்லைக்கோட்டுக்குள்ளே காலனித்துவமும் நிறமும் வர்க்கமும் எவ்வாறு நுழைந்து நிற்கின்றன என்பதை அந்நூல் காட்டிற்று. உதைபந்தாட்டமும் அத்தகைய ஆராய்ச்சியை வேண்டி நிற்பதே. 1982 ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியின் இரண்டாம் பிரிவை, அப்பிரிவின் ஆறு ஆட்டங்களை மட்டும், இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

முதலில் பிரிவுச் சுற்று என்னும் உருவத்தை விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். தோற்றவர் உடனே வெளியேறும் ஆட்டமுறையில் ஒரு நாளின் தவறு ஓர் அணியின் கதையை முடித்துவிடும். பிரிவுச் சுற்றோ அவ்வாறன்று. நான்கு அணிகள் ஒரு பிரிவில் சேர்க்கப்படுகின்றன. ஒவ்வோர் அணியும் ஏனைய மூன்றையும் எதிர்த்து ஆடுகிறது. வெற்றிக்கும் சமநிலைக்கும் புள்ளிகள் உண்டு. 1982 இல் புள்ளிகள் சமமாயின், அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்து வரும் வித்தியாசம் கணக்கிடப்பட்டது. அதுவும் சமமாயின் அடித்த கோல்களின் தொகை பார்க்கப்பட்டது. பெரிய நாடாயினும் சிறிய நாடாயினும் மூன்று ஆட்டம், ஒரே அளவுகோல். இவ்வுருவம் உலகத்துக்கு அளிக்கும் வாக்குறுதி சமத்துவம் என்பதாகும்.

எனினும் இவ்வுருவத்துக்கு ஓர் இயல்பு உண்டு. ஓர் அணி பெற்ற வெற்றியின் பொருளை அவ்வணி மாத்திரம் தீர்மானிப்பதில்லை. வேறோர் ஊரில், வேறு இரண்டு அணிகள் ஆடும் ஆட்டமே அவ்வெற்றிக்கு இறுதிப் பொருளைக் கொடுக்கிறது. ஆதலின், ஒருவர் கணக்கு முடிந்ததை மற்றவர் அறிந்துகொண்டு ஆடக்கூடாது என்பது அச்சமத்துவத்தின் அடிப்படை நிபந்தனை. அந்நிபந்தனை இல்லாதபோது உருவம் அப்படியே நிற்கும், உள்ளடக்கம் வெளியேறிவிடும். 1982 இல் நிகழ்ந்தது இதுவே.

அவ்வாண்டில்தான் முதன்முறையாக 24 அணிகள் உலகக் கிண்ணப் போட்டியில் ஆடின. அதற்கு முந்திய போட்டிகளில் 16 அணிகளுக்கே இடமிருந்தது. கதவு அகலத் திறக்கப்பட்டது என்று சம்மேளனம் பெருமைப்பட்டுக்கொண்டது. திறந்த கதவால் உள்ளே வந்தவர் யார்? 24 இடங்களில் 14 ஐரோப்பாவுக்கு. ஆபிரிக்கக் கண்டம் முழுவதற்கும் இரண்டே இரண்டு. அந்த இரண்டும் இரந்து பெற்றவையல்ல. 1966 ஆம் ஆண்டுப் போட்டிக்கு ஆபிரிக்காவுக்கெனத் தனி இடம் ஒன்றேனும் ஒதுக்கப்படாமையைக் கண்டித்து ஆபிரிக்க நாடுகள் ஒன்றுசேர்ந்து அப்போட்டியைப் பகிஷ்கரித்தன. நிக்குருமாவின் கானா அப்பகிஷ்கரிப்பில் முன்னின்றது. அதன் பின்னரே 1970 இல் ஓர் இடம் உறுதியாயிற்று. 1982 இல் அது இரண்டாயிற்று. அந்த இரண்டு இடங்களில் ஆடியவை கமரூனும் அல்ஜீரியாவும்.

அல்ஜீரியா எத்தகைய வரலாற்றைச் சுமந்துகொண்டு ஸ்பெயினுக்கு வந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். 1958 ஏப்ரலில், விடுதலைப் போர் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த வேளையில், பிரெஞ்சுக் கழகங்களில் ஆடிவந்த அல்ஜீரிய வீரர் பலர் இரகசியமாக அந்நாட்டை விட்டு வெளியேறித் துனிஸ் நகரைச் சேர்ந்தனர். தேசிய விடுதலை முன்னணியின் அணி அங்கே உருவாயிற்று. அவ்வாண்டு உலகக் கிண்ணத்தில் பிரான்சு அணிக்கு ஆடும் வாய்ப்புடையோராய் விளங்கிய முஸ்தபா சித்தூனியும் ரஷீத் மெக்லூபியும் அந்த வாய்ப்பை உதறிவிட்டு வந்தவர்கள். பீபா எனப்படும் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் அவ்வணியை அங்கீகரிக்க மறுத்தது. நாடு இன்னும் பிறக்கவில்லை, அணி பிறந்துவிட்டது. அதே மெக்லூபி 1982 இல், விடுதலை பெற்று இருபது ஆண்டுகள் நிறைவெய்தும் காலத்தில், அல்ஜீரிய அணியின் பயிற்றுநர்களுள் ஒருவராக ஸ்பெயின் மண்ணில் நின்றார்.

ஜூன் 16 ஆம் நாள் ஹிஹோன் நகரில் அல்ஜீரியாவை எதிர்கொண்ட மேற்கு ஜேர்மனி, 1980 இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற அணி. அல்ஜீரியா முதன்முதலாக உலகக் கிண்ணத்தில் கால்வைத்த அணி. முடிவு யாவருக்கும் தெரிந்ததே என்ற அலட்சியம் ஜேர்மன் தரப்பில் மலிந்திருந்தது. 54 ஆவது நிமிடத்தில் ராபா மஜெர் முதலாவது கோலை அடித்தார். 67 ஆவது நிமிடத்தில் ரும்மெனிகே அதனைச் சமப்படுத்தினார். இனிப் பெரியவர்களின் ஆட்டம் தொடங்கும் என்று எண்ணியவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்கவில்லை. அடுத்த நிமிடத்திலேயே, நடுவிலிருந்து தொடங்கிய பந்து ஜேர்மன் வீரர் எவரிடமும் சிக்காமல் காலுக்குக் கால் நகர்ந்து இடது ஓரத்தை அடைந்து, அங்கிருந்து லக்தார் பெல்லூமியிடம் வந்து சேர்ந்தது. அல்ஜீரியா 2-1 என வென்றது. ஒரு மனிதனின் திடீர் வித்தையாக அந்தக் கோலைக் கொள்ளவியலாது. ஒருவரையொருவர் நம்பிய கூட்டுழைப்பின் விளைவு அது.

அடுத்த ஆட்டத்தில் ஒஸ்திரியா 2-0 என அல்ஜீரியாவைத் தோற்கடித்தது. இத்தோல்வியில் சூழ்ச்சி எதுவுமில்லை. மூன்றாவது ஆட்டம் ஜூன் 24 ஆம் நாள் ஒவியேதோ நகரில் சிலியுடன் நடைபெற்றது. முதற் பாதியிலேயே அல்ஜீரியா மூன்று கோல்களை அடித்துவிட்டது. ஆனால் இரண்டாம் பாதியில் சிலி இரண்டு கோல்களைத் திருப்பி அடித்தது. வெற்றி 3-2 ஆகச் சுருங்கியது.

அல்ஜீரியாவின் மீது அனுதாபங்கொண்டு எழுதுவோர் பலர் இந்த இரண்டாம் பாதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். அது தகாது. அந்த இரண்டு கோல்களையும் அல்ஜீரியா வாங்காதிருந்தால் அதன் கோல் வித்தியாசம் இரண்டாக இருந்திருக்கும். அடித்த கோல்களோ ஐந்து. அப்போது மறுநாள் மேற்கு ஜேர்மனி 1-0 என வென்றிருப்பினும் வெளியேறுவது ஒஸ்திரியாவாகவே இருந்திருக்கும். இருவருக்கும் ஒருங்கே இனிக்கும் அந்த முடிவு கிட்டியிராது. அவர்கள் உண்மையாகவே ஆடவேண்டி வந்திருக்கும். முன்னே சென்ற அணி களைத்ததா, அனுபவக் குறைவால் கட்டுக்கோப்பு இழந்ததா என்பது ஆட்டவியல் அறிந்தோர் ஆராயவேண்டியது. ஒடுக்கப்பட்டவரின் குறையை மறைத்து அவருக்கு நியாயம் தேடுவது பலவீனமான வாதம். குறையையும் எண்ணிக்கொண்ட பின்னரும் எஞ்சி நிற்கும் அநீதியே உண்மையான அநீதி. அது மறுநாள் வந்தது.

ஜூன் 25. மீண்டும் ஹிஹோன். மேற்கு ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் களமிறங்கியபோது அல்ஜீரியாவின் கணக்கு மூடப்பட்டு முழுநாள் ஆகியிருந்தது. அக்காலத்தில் வெற்றிக்கு இரண்டு புள்ளிகள். அல்ஜீரியாவுக்கு நான்கு புள்ளி, கோல் வித்தியாசம் பூச்சியம். ஒஸ்திரியாவுக்கு இரண்டு வெற்றியால் நான்கு புள்ளி, கோல் வித்தியாசம் மூன்று. மேற்கு ஜேர்மனி சிலியை 4-1 என வென்று இரண்டு புள்ளியுடன் நின்றது. ஜேர்மனி வெல்லாவிட்டால் அது வெளியேறும். மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றால் ஒஸ்திரியா வெளியேறும். ஒன்று அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் இரண்டும் உள்ளே, அல்ஜீரியா வெளியே. இக்கணக்கைப் போடுவதற்குப் பெரிய கணித ஞானம் வேண்டியதில்லை.

பத்து நிமிடமளவில் ஹோர்ஸ்ட் ரூபெஷ் கோல் அடித்தார். அத்துடன் ஆட்டம் முடிந்தது. எஞ்சிய எண்பது நிமிடமும் நடந்தது வேறு. பந்து தற்காப்பு வீரர்களுக்கிடையே குறுக்காக உருண்டது, கோல்காப்பாளரிடம் திரும்பிச் சென்றது, மீண்டும் உருண்டது. இடையிடையே எவரையும் சேராத நீண்ட உதை ஒன்று. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1978 இல், ஆர்ஜென்டீனாவின் கோர்தொபா நகரில் ஒஸ்திரியா இதே மேற்கு ஜேர்மனியை 3-2 என வீழ்த்தியிருந்தது. அந்தப் பகை அன்று எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

களத்தில் ஆட்டம் செத்துக்கிடக்க, உயிர் பார்வையாளர் வரிசைக்குச் சென்றது. அல்ஜீரிய ரசிகர்கள் பணநோட்டுகளை உயர்த்திக் காட்டினர். ஸ்பானிய மக்கள் இரு அணிகளையும் வெளியே போகுமாறு கூவினர். இங்கே ஒரு செய்தியை நினைவிற் கொள்ளலாம். ஹிஹோன் அமைந்துள்ள அஸ்தூரியாஸ் பிரதேசம், சுரங்கத் தொழிலாளரின் 1934 ஆம் ஆண்டு எழுச்சியால் வரலாற்றில் இடம்பெற்றது. அம்மக்களுக்கும் அல்ஜீரியாவுக்கும் மொழியில்லை, மதமில்லை, உறவில்லை. எனினும் ஏமாற்றப்பட்டவன் பக்கம் அவர்கள் நின்றனர். ஒஸ்திரியத் தொலைக்காட்சியின் வருணனையாளர் தம் நாட்டு மக்களைத் தொலைக்காட்சிப் பெட்டியை அணைத்துவிடுமாறு வேண்டினார். ஜேர்மன் வருணனையாளரும் தமது வெறுப்பை மறைக்கவில்லை. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அந்த ஆட்டத்தைப் பற்றிய செய்தியைக் குற்றச் செய்திகளின் பகுதியில் வெளியிட்டது. அல்ஜீரியா முறையிட்டது. விதி எதுவும் மீறப்படவில்லை என்ற நிலையில் நின்று சம்மேளனம் அம்முறையீட்டைத் தள்ளிவிட்டது.

இந்நிகழ்ச்சியைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது ஒழுக்கவாத நோக்கு. இருபத்திரண்டு மனிதர் மானமிழந்து நடந்தனர் என்பதுடன் அது நின்றுவிடும். இரண்டாவது நடைமுறைவாத நோக்கு. எந்த அணியும் அந்நிலையில் அவ்வாறே செய்திருக்கும், வெற்றியே குறிக்கோள், இதில் வியப்பென்ன என்று அது கேட்கும். மூன்றாவது இனவாத நோக்கு. ஒரே மொழி பேசும் இரு அயலவர் கூடிச் செய்த சதி என்று கூறி ஓர் இனத்தின் குணமாக அது அதனைக் காட்டும்.

மூன்றாவதை முதலில் ஒதுக்கிவிடலாம். கோர்தொபாவில் ஒருவரையொருவர் சாய்க்க ஆடிய அதே இனத்தவரே ஹிஹோனிற் கைகோத்தனர். இனம் மாறவில்லை; கணக்கு மாறியது. முதலாவது நோக்கு உணர்ச்சியில் நியாயமானது, ஆனால் மேற்போக்கானது. முன்கூட்டியே உடன்பாடு இருந்ததா, யார் யாரிடம் என்ன சொன்னார் என்ற துப்பறியும் வேலையில் அது காலத்தைக் கழிக்கிறது. உடன்பாடு தேவையே இல்லை. புள்ளி அட்டவணையே இருவரும் கையொப்பமிடாமல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையாக இருந்தது. இரண்டாவது நோக்கு தன்னை அறியாமலே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறது. எந்த அணியும் அவ்வாறே செய்திருக்கும் என்றால், அவ்வாறு செய்யத்தக்க இடத்தில் எந்த அணிகள் வைக்கப்பட்டிருந்தன? அதனை வைத்தவர் யார்?

இக்கேள்வியை மனத்திற் கொண்டு 1982 ஆம் ஆண்டின் ஆட்ட அட்டவணையை எடுத்துப் பார்க்குமிடத்து ஒரு விடயம் கண்ணில் அறைகிறது. ஆறு பிரிவுகளிலும் இறுதி இரண்டு ஆட்டங்கள் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பிரிவுக்கும் தலைமை அணியாக முன்கூட்டியே நிறுத்தப்பட்டவை இத்தாலி, மேற்கு ஜேர்மனி, ஆர்ஜென்டீனா, இங்கிலாந்து, ஸ்பெயின், பிறேசில் ஆகிய ஆறும். இந்த ஆறு அணிகளும், ஒன்றுகூட விலகாமல், தத்தம் பிரிவின் இரண்டாவது நாளிலேயே ஆடின. அதாவது மற்றவர் விடையெழுதி முடித்துப் புள்ளியும் வெளியான பின்னர் பரீட்சை மண்டபத்துக்குட் செல்லும் சலுகை பெரியவர் எல்லாருக்கும் இருந்தது. வினாத்தாள் எல்லார்க்கும் ஒன்றே என்று பரீட்சகர் சத்தியம் செய்யலாம். ஆசிரியத் தொழில் புரியும் நம்மை அந்தச் சத்தியம் ஏமாற்றாது.

இத்தாலி சேர்ந்திருந்த முதலாம் பிரிவில் இரண்டாவது ஆபிரிக்க அணியான கமரூன் மூன்று ஆட்டத்தையும் சமநிலையில் முடித்தது. ஒன்றிலும் தோற்கவில்லை. இத்தாலியும் மூன்றையும் சமநிலையிலேயே முடித்தது. முதல் நாள் ஆட்டத்தின் முடிவு தெரிந்த நிலையில், கமரூனுடன் சமநிலை கண்டாலே போதும் என்பது இத்தாலிக்குத் தெரிந்திருந்தது. 1-1 என அவ்வாட்டம் முடிந்தது. கமரூன் அடித்த கோல் ஒன்று, இத்தாலி அடித்தவை இரண்டு. அந்த ஒரு கோலால் கமரூன் வீடு திரும்பியது. இத்தாலி உலகக் கிண்ணத்தை வென்றது. இறுதியாட்டத்தில் அதனிடம் 3-1 எனத் தோற்றது மேற்கு ஜேர்மனி. இத்தாலி கமரூனுடன் கள்ள ஆட்டம் ஆடியது என்று கூற நாம் முன்வரவில்லை. அப்படிக் கூற ஆதாரமில்லை. ஆனால் ஆபிரிக்காவின் இரண்டு அணிகளும் வெளியேற, அவற்றின் பிரிவுகளில் பின்னாளில் ஆடிய இரு தலைமை அணிகளே இறுதியாட்டத்தில் எதிரெதிர் நின்றன என்பது, அட்டவணை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதைச் சிந்திக்க வைக்கிறது.

சம்மேளனத்துக்கு இந்த ஆபத்து தெரிந்திருக்கவில்லை என்று வாதிடவும் இயலாது. 1978 இல் இராணுவ ஆட்சியின் கீழிருந்த ஆர்ஜென்டீனாவில் இரண்டாவது பிரிவுச் சுற்றின் கடைசி நாளில் பிறேசில் முதலில் ஆடி 3-1 எனப் போலந்தை வென்றது. அதே நாளில் பின்னர் களமிறங்கிய ஆர்ஜென்டீனாவுக்கு, பெரு அணியை நான்கு கோல் வித்தியாசத்தில் வெல்லவேண்டும் என்பது துல்லியமாகத் தெரிந்திருந்தது. அது 6-0 என வென்று இறுதியாட்டத்துக்குச் சென்றது. அந்த ஆட்டத்தைப் பற்றி எழுந்த சந்தேகங்கள் நிரூபிக்கப்படாதவை, அவற்றை விட்டுவிடலாம். பின்னர் ஆடுபவருக்கு அறிவு என்னும் ஆயுதம் கிடைக்கிறது என்பது மாத்திரம் அன்றே நிரூபணமாயிற்று. அவ்வாறிருந்தும் 1982 இல் அதே ஒழுங்கு தொடர்ந்தது. ஆட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்குமிடத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே தொலைக்காட்சியிற் காட்டலாம் என்பது வெளிப்படை. சந்தைக்கு வசதியான ஒழுங்கு நீதிக்கு வசதியாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. வேலியே பயிரை மேய்ந்தது என்று நம்மவர் கூறுவது இத்தகைய இடத்திற்குப் பொருந்தும்.

ஆகவே ஹிஹோனில் விதி மீறப்படவில்லை என்று சம்மேளனம் கூறியது சொல்லளவில் உண்மை. அந்த உண்மையே அதற்கு எதிரான குற்றச்சாட்டு. விதியை மீறிச் செய்யும் அநீதிக்கு மத்தியஸ்தரின் ஊதுகுழல் உண்டு, தண்டனை உண்டு. விதிக்குள்ளேயே அமர்ந்திருக்கும் அநீதியை ஊதி நிறுத்த எவருமில்லை. அதனைக் காண்பதற்கு மக்கள் கூட்டத்தின் கூச்சலும் ஒரு சிறிய நாட்டின் முறையீடும் வேண்டியிருந்தன.

அந்த முறையீடு தள்ளப்பட்டதாயினும் வீண்போகவில்லை. 1986 ஆம் ஆண்டு மெக்சிகோப் போட்டியிலிருந்து ஒவ்வொரு பிரிவின் இறுதி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடத்தப்பட்டு வருகின்றன. இன்று பிரிவுச் சுற்றின் கடைசி நாளில் இரண்டு நகரங்களில் ஏககாலத்தில் ஆட்டம் நடக்க, இரண்டு கோல்களுக்கிடையே புள்ளி அட்டவணை ஏறியும் இறங்கியும் துடிக்கும் அழகை உலகமே கண்டு மகிழ்கிறது. அந்த அழகு சம்மேளனத்தின் கற்பனையில் உதித்ததன்று. ஏமாற்றப்பட்ட ஓர் அணி ஏனைய எல்லா அணிகளுக்கும் விட்டுச்சென்ற சொத்து அது. ஒடுக்கப்பட்டவர் தமக்கெனக் கேட்டுப் பெறாத நீதி பிறருக்குப் பயன்பட்ட கதைகள் வரலாற்றிற் பல. அதே மெக்சிகோவில் மொறோக்கோ தன் பிரிவில் முதலிடம் பெற்று, பிரிவுச் சுற்றைத் தாண்டிய முதலாவது ஆபிரிக்க அணியாயிற்று. அல்ஜீரியாவோ 2014 வரை காத்திருந்து, பிறேசிலில் முதன்முறையாக அச்சுற்றைத் தாண்டியது. அடுத்த ஆட்டத்தில் அதன் எதிரே வந்து நின்றது ஜேர்மனி. மேலதிக நேரம் வரை போராடி 2-1 எனத் தோற்றது அல்ஜீரியா. அன்று பந்து குறுக்காக உருளவில்லை. இரு அணியும் ஆடின.

ஆயினும் கதை முடிந்துவிட்டதாகக் கொள்வது தவறு. 48 அணிகள் ஆடும் 2026 ஆம் ஆண்டுப் போட்டிக்கென மூன்று அணிகள் கொண்ட 16 பிரிவுகள் என்ற திட்டத்தையே சம்மேளனம் 2017 இல் தீர்மானித்தது. மூன்று அணிகள் உள்ள பிரிவில் இறுதி ஆட்டத்தின்போது ஓர் அணி எப்பொழுதும் கையைக் கட்டிக்கொண்டு வெளியே அமர்ந்திருக்கும். ஹிஹோனை விபத்தாக அல்லாமல் விதியாகவே ஆக்கும் ஏற்பாடு அது. பலத்த கண்டனத்தின் பின் 2023 மார்ச்சில் அது கைவிடப்பட்டு, நான்கு அணிகள் கொண்ட 12 பிரிவுகள் என மாற்றப்பட்டது. எனினும் மூன்றாம் இடம் பெற்றவற்றுள் சிறந்த எட்டு அணிகளுக்கும் அடுத்த சுற்றில் இடமளிக்கும் முறை அதனுடன் சேர்ந்து வந்தது. பிரிவுக்குள்ளே ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடந்தாலும், முன்னர் முடிந்த பிரிவுகளின் கணக்கைப் பின்னர் ஆடும் பிரிவுகள் அறிந்தே ஆடும். 1982 இல் ஒரு பிரிவுக்குள் இருந்த நோய் இப்போது பிரிவுகளுக்கிடையே இடம் மாறியுள்ளது. ஆபிரிக்காவுக்கு ஒன்பது நேரடி இடங்கள் கிடைத்தமை வரவேற்கத்தக்கதே. ஆனால் இடத்தைக் கொடுப்பது ஒன்று. நேரத்தைச் சமமாகக் கொடுப்பது மற்றொன்று.

உருவமும் உள்ளடக்கமும் பற்றி நம் இலக்கிய உலகில் நிகழும் விவாதங்களில், உருவம் நடுநிலையானது, அதில் எதனையும் ஊற்றலாம் என்று கூறுவோர் உளர். அவர்கள் 1982 ஜூன் மாதத்தின் ஆட்ட அட்டவணையை ஒருமுறை படித்துப் பார்ப்பது நன்று. திகதியும் நேரமும் ஊரும் அணிகளின் பெயருமன்றி அதில் வேறொரு சொல்லும் இல்லை. எவரையும் அது இகழவில்லை, எவருக்கும் அநீதி செய்யுமாறு கட்டளையிடவில்லை. இருந்தும் யார் கடைசியில் ஆடுவது என்பதை அது தீர்மானித்தது. சமத்துவம் பேசும் எந்த ஏற்பாட்டையும், அது ஆட்டமாயினும் பரீட்சையாயினும் ஆட்சியாயினும், நாம் ஆராய முற்படும்போது விதிப் புத்தகத்துடன் நின்றுவிடாமல் அட்டவணையையும் கேட்டு வாங்கிப் படிக்கவேண்டும்.